ஆஃபர் வாங்கிவிட்டு போனை எடுக்காதவர்கள்: தப்பு யார் மேல்?

பெருங்குடி பாலா
பதினொரு வருடமாக ஐடி ஆள் எடுப்பு வேலை. நேற்று ஒருவர் சேர வேண்டிய நாள். மூன்று மாதம் காத்திருந்தோம். காலையில் லேப்டாப், அடையாள அட்டை எல்லாம் தயார், ஆளைக் காணோம். பத்து முறை கூப்பிட்டேன், போன் அணைத்து வைத்திருக்கிறார். முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு ‘ஷ்யூர் சார், நாளைக்குப் பார்ப்போம்’ என்றவர்.

வெளியில் இருப்பவர்களுக்கு எங்கள் கணக்கு தெரியாது. நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் எங்களைப் போன்ற கன்சல்டன்சிக்கு வழக்கமாகக் கிடைப்பது ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். ஆள் சேர்ந்த பிறகுதான் பில்லே போட முடியும். 90 நாளுக்குள் அவர் விட்டுப் போனால், பெரும்பாலும் வேறு ஆளை இலவசமாகத் தேடித் தரவேண்டும். வரத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. ‘வரவில்லை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடக்கூடவா முடியாது?

நிலாமுற்றம்
பாலா சார், உங்கள் வருத்தம் நியாயம்தான். ஆனால் இந்த வித்தையை எங்களுக்குக் கற்றுக் கொடுத்ததே உங்கள் தரப்புதான். போன வருடம் ஒரு இடத்தில் நான்கு சுற்று நேர்காணல், கடைசிச் சுற்றுக்கு அரை நாள் விடுப்பு போட்டுச் சிறுசேரி வரை போனேன். ‘திங்கட்கிழமை சொல்கிறோம்’ என்றார்கள். எந்தத் திங்கட்கிழமை என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்று மெயில் அனுப்பினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. உங்களுக்கு ஒரு வரி வேண்டும், எங்களுக்கு வேண்டாமா?

பெருங்குடி பாலா
ஒத்துக்கொள்கிறேன். பல சமயம் நிறுவனமே எங்களுக்கும் முடிவைச் சொல்வதில்லை. ‘இன்னும் முடிவாகவில்லை’ என்றாவது நாங்கள் சொல்லலாம். சொல்வதில்லை, அது தப்புதான். அதற்காக இன்னொருவர் மேல் பழி தீர்ப்பதா?

நிலாமுற்றம்
பழி தீர்க்கவில்லை சார், இது பிழைப்பு. ராஜினாமா கொடுத்த பிறகும் 90 நாள் வேலை பார்க்க வேண்டும் என்று நோட்டீஸ் காலம் வைத்தது யார்? விளம்பரத்தில் ‘உடனே சேரக்கூடியவர் மட்டும்’ என்று போடுவது யார்? கையில் ஒரு ஆஃபர் இல்லாமல் ராஜினாமா கொடுக்க முடியாது. கொடுத்துவிட்டு, வேலை தேடும் தளமான நௌக்ரியில் ‘சர்விங் நோட்டீஸ்’ (நோட்டீஸ் காலத்தில் இருக்கிறேன்) என்று மாற்றினால் அன்றைக்கே போன் ஓயாது. மூன்று லட்சம் கூடுதலாகத் தருகிறேன் என்கிறவனை வேண்டாம் என்று சொல்ல நான் என்ன ஜமீன் வாரிசா? இன்னொரு ஆஃபர் இருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னால், நிறுவனம் முதல் ஆஃபரையே திரும்ப வாங்கிக்கொள்ளும். ராஜினாமாவும் போட்டாச்சு, வேலையும் இல்லை என்று நடுத்தெருவில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய பென்ச்
நான் மேஜைக்கு அந்தப் பக்கம், ஆள் தேர்ந்தெடுக்கும் மேனேஜர். நிலா சொல்வதில் பாதி சரி. வேறு நேர்காணல் போகிறேன் என்று முதல் மாதத்திலேயே அறிவிக்கத் தேவையில்லை. ஆனால் முடிவு எடுத்த அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். சேரும் நாளுக்குப் பத்து நாள் முன்னால் தெரிந்தால் இரண்டாவதாக வந்தவரைக் கூப்பிடுவேன். அவரும் உங்களைப் போல 90 நாளில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்தான். நீங்கள் போனை அணைத்தால் அடி வாங்குவது நிறுவனம் இல்லை, அவர்.

நிலாமுற்றம்
இரண்டாவது ஆள் பற்றி நான் யோசித்ததில்லை. சரி, ஏற்கிறேன். முடிவு எடுக்கும்வரை சொல்ல மாட்டேன் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

சோழவந்தான் தம்பி
பெரியவர்கள் சண்டைக்கு நடுவில் என் பாட்டையும் கேளுங்கள். எனக்கு ஆஃபரே வரவில்லை. மூன்று வருடம் காப்பீட்டு புராஜெக்டில் டெஸ்டிங் (மென்பொருளைச் சோதிக்கும் வேலை), அப்புறம் எட்டு மாதமாக வீட்டில். போன மாதம் ஒரே நிறுவனத்தின் ஒரே வேலைக்கு மூன்று கன்சல்டன்சிகள் கூப்பிட்டார்கள். மூவருக்கும் ஓகே சொன்னேன். ‘டூப்ளிகேட்’ என்று நிராகரித்துவிட்டார்கள். ரெஸ்யூம் மூன்று பக்கம். போட்டோ, அப்பா பெயர், பாஸ்போர்ட் எண், கடைசியில் ‘மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்’ எல்லாம் இருக்கிறது. எட்டு மாத இடைவெளியை மறைத்து, பழைய கம்பெனியின் கடைசித் தேதியை நீட்டிப் போடச் சொல்கிறான் நண்பன். போடலாமா?

பெருங்குடி பாலா
போடவே போடாதே தம்பி. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் பழைய கம்பெனி எந்த மாதம்வரை பணம் கட்டியது என்று, அந்தக் கணக்குக்கான யுஏஎன் எண்ணை வைத்துப் பார்த்துவிடுவார்கள். இடைவெளியால் போகும் வேலை கொஞ்சம், பொய்த் தேதியால் போகும் வேலை நிறைய. சேர்ந்த பிறகு பின்னணிச் சோதனையில் மாட்டினாலும் அனுப்பிவிடுவார்கள்.

மூன்று பேருக்கும் ஓகே சொன்னது பெரிய தப்பு. முதலில் அனுப்பியவருக்குத்தான் நீ சொந்தம் என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். தகராறு வரும்போல் இருந்தால் நிறுவனம் உன்னையே தள்ளிவிடும். அடுத்த முறை, கம்பெனி பெயர் சொல்லாமல் ‘ரெஸ்யூம் மட்டும் அனுப்புங்க’ என்பவருக்கு அனுப்பாதே. பெயர் கேட்டு, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வை. இரண்டாவதாகக் கூப்பிடுபவரிடம் ‘ஏற்கனவே போயாச்சு சார்’ என்று சொல். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

பழைய பென்ச்
போட்டோ, அப்பா பெயர், பாஸ்போர்ட் எண், உறுதிமொழி நான்கையும் எடு. பாஸ்போர்ட் எண்ணை முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அனுப்புவது ஆபத்து வேறு. பக்கத்தைப் பக்கவாட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்த டிசைன் டெம்ப்ளேட் என்றால் அதையும் விடு, ரெஸ்யூமை வடிகட்டும் பல மென்பொருள்கள் அதை இடமிருந்து வலமாகப் படித்துக் குழப்பிவிடும். செய்த வேலையை எப்படி எழுதியிருக்கிறாய்?

சோழவந்தான் தம்பி
‘டெஸ்டிங் பணிகளில் ஈடுபட்டேன், கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவன்.’

பழைய பென்ச்
தினமும் இதே வரியை நாற்பது பேரிடம் படிக்கிறேன். உண்மையில் என்ன செய்தாய்?

சோழவந்தான் தம்பி
மாதக் கடைசியில் பிரீமியம் கணக்கைச் சோதிக்க இரண்டு பேருக்கு இரண்டு நாள் ஆகும். நான் செலினியத்தில் (சோதனையைத் தானாக ஓட வைக்கும் மென்பொருள்) ஸ்கிரிப்ட் எழுதினேன், அப்புறம் ஒரு மதியத்திலேயே முடிந்தது.

பழைய பென்ச்
அட, இதை ஏன் ஒளித்து வைத்தாய்! இதுதான் முதல் வரி.

நிலாமுற்றம்
ஒரு எச்சரிக்கை. ‘திறன் 80% உயர்ந்தது’ என்று மட்டும் மாற்றிவிடாதே. நேர்காணலில் எப்படி அளந்தாய் என்பார்கள், முழிப்பாய். இரண்டு நாள், ஒரு மதியம் என்றே இருக்கட்டும். எட்டு மாதம் ஏன்?

சோழவந்தான் தம்பி
அம்மாவுக்கு அறுவை சிகிச்சை அக்கா. இப்போது நடக்கிறார்.

நிலாமுற்றம்
அதை ஒரே வரியில் எழுது, தேதியோடு. அதற்கு மேல் யார் கேட்டாலும் விளக்க வேண்டியதில்லை.

பெருங்குடி பாலா
ஒரே பக்கமாக்கி எனக்கு அனுப்பு தம்பி. சோழிங்கநல்லூரில் ஒரு இடம் இருக்கிறது, கம்பெனி பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிலாமுற்றம்
முடிவு என்றைக்குச் சொல்வீர்கள் என்றும் கேட்டு வாங்கிக்கொள் தம்பி. திங்கட்கிழமை என்றால் தேதி போட்டுக் கேள்.

பெருங்குடி பாலா
வெள்ளிக்கிழமை. தேதியும் மெயிலிலேயே போடுகிறேன் மேடம், போதுமா?