18 வயதுகூட ஆகாத கர்ப்பிணிகள்: மாத்திரை சாப்பிட வைப்பது எப்படி?

கிராம சுகாதாரச் செவிலியர் அக்காமார்களே, உங்கள் யோசனை வேண்டும்.

17 வயதுப் பிள்ளைகள் ஐந்தாம் மாதத்தில்தான் முதல் பரிசோதனைக்கே வருகிறார்கள். ஹீமோகுளோபின் 8 கிராம்தான், ரத்தசோகை. தினம் 2 இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், குமட்டலுக்கும் மலம் கறுப்பதற்கும் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, டீ குடிக்காமல், கால்சியம் மாத்திரைக்கு 2 மணி நேரம் தள்ளி என்று சொல்லியும் மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.

வலிப்புவரை போகும் ரத்த அழுத்தம், குறைமாதப் பிரசவம், 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தை எல்லாமே இந்த வயதில் அதிகம். ரத்த அழுத்தம் 140/90 தொட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்.

வீட்டில் மாமியாரிடம் எப்படிப் பேசினீர்கள்? 18 வயதுக்குக் கீழ் கர்ப்பம் என்றால் போக்சோவில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) தகவல் கொடுப்பது நம் கடமை, அதை மறைக்க முடியாது. அந்தப் பயத்தில் ஒளியும் குடும்பத்தைக் கர்ப்பத்தின் 12 வாரத்துக்குள் பரிசோதனைக்கு வரவைத்தது எது?