அமோனியா கேஜ், முகமூடி வடிகட்டி யாழ்ப்பாணத்தில எங்க எடுக்கலாம்?

வணக்கம் உறவுகளே. அமோனியாவால குளிரூட்டுற எங்கட மீனவர் சங்க ஐஸ் ஆலைக்குச் சில சாமான் தேவை. தெரிஞ்சவை சொல்லுங்கோ.

முதலாவது, ரிசீவர் தாங்கிக்கு (திரவ அமோனியா சேருற தாங்கி) பிரஷர் கேஜ், அதாவது அமுக்கமானி. ஹார்ட்வெயார் கடையளில கிடைக்கிறது எல்லாம் உள்ளுக்க பித்தளைக் குழாய். வெளிக்கூடு இரும்பா இருந்தாலும் அது சரிவராது. ஈரத்தோட அமோனியா பித்தளையையும் செப்பையும் அரிச்சு வெடிப்பு விழுத்தும், கேஜின்ர குழாய் பிளந்தால் வாயு நேரே ஆளின்ர முகத்துக்குத்தான். குழாயும் சொக்கட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா வேணும், முகப்பில 'அமோனியா' எண்டு அடிச்சிருக்க வேணும்.

இரண்டாவது, முகமூடிக்கு பச்சை நிற 'கே' வகை வடிகட்டி. பெயின்ற் அடிக்கிறவை போடுற மண்ணிறம் அமோனியாவை மறிக்காது. (பச்சையும் சின்ன ஒழுக்குக்குத்தான், பெரிசா அடிச்சால் காற்றுச் சிலிண்டர் இல்லாமல் ஒருத்தரும் உள்ளுக்க போகக்கூடாது.)

மூன்றாவது, ரிலீஃப் வால்வு (அமுக்கம் மிஞ்சினால் தானாத் திறக்கிற வால்வு). ஐந்து வருசத்துக்கொருக்கா மாத்த வேணும். ஒரு குழாயின்ர இரண்டு பக்க அடைப்பு வால்வையும் பூட்டி நடுவில திரவ அமோனியா அடைபட்டால் வெயிலுக்கு விரிஞ்சு குழாயைப் பிளக்கும். அந்த இடத்துக்கும் ஒண்டு வேணும்.

மேலதிக அமோனியா சிலிண்டருக்கு கிடுகுக் கொட்டில் போடலாமெண்டு ஒரு யோசனை வந்தது. நிழல் நல்லம்தான், ஆனா கிடுகு பத்தும். தகரக் கூரை, சுத்திவரத் திறந்த பக்கம், பக்கத்தில தண்ணிப் பைப். அமோனியா உடம்பில பட்டால் குறைஞ்சது 15 நிமிசம் கழுவ வேணும். சிந்திக் கிடக்கிற திரவத்தில மட்டும் தண்ணி அடிக்கக்கூடாது, வாயு இன்னும் கூடக் கிளம்பும்.

கொழும்புக்குப் போகாமல் எடுக்க வழியிருந்தால் கடை, விலை விபரம் போடுங்கோ.