ஒரு 'ஹேவ்' விட்டுப்போனதால் நடந்தது

நடந்து முடிந்ததைப் பற்றி "இப்படிச் செய்யாமல் அப்படிச் செய்திருக்கலாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லப்போய்ச் சிக்கிக்கொண்டவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். க்ளையன்ட் அவசரப்படுத்தியதால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாஃப்ட்வேரின் புது வெர்ஷனை ரிலீஸ் போட்டோம். எங்கள் டீமில் யாருக்கும் அதில் இஷ்டமில்லை. சனிக்கிழமை காலையில் சின்னதாக ஒரு பிரச்சினை. என்ன ஆச்சு என்று அவர் மெயில் அனுப்ப, விவரத்தை எழுதிவிட்டு கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "வீ வுட் ராதர் ரிலீஸ் இட் ஆன் மண்டே." திங்கட்கிழமை போட்டிருந்தால் தேவலை என்பதுதான் என் மனதில் இருந்தது. அரை மணி நேரத்தில் பதில் வந்தது: சரி, அப்படியே செய்யுங்கள், இப்போதைக்குப் பழைய வெர்ஷனையே போட்டுவிடுங்கள் என்று. மூன்று பேர் ராத்திரி வரை உட்கார்ந்து போட்டதையெல்லாம் திரும்ப எடுத்தோம்.

'வில்'லுக்கு இறந்தகாலம் 'வுட்' என்று பள்ளியில் படித்தது மனதில் ஊறிப்போயிருந்தது. 'வுட்' போட்டாலே கடந்த காலம் வந்துவிட்டது என்று நம்பிவிட்டேன். 'வுட் ராதர் ரிலீஸ்' என்றால் இனிமேல் செய்ய நினைப்பது. 'வுட் ராதர் ஹேவ் ரிலீஸ்ட்' என்று எழுதியிருந்தால்தான் நடக்காமல் போனதைச் சொன்னதாக ஆகும்.

* * *

எனக்கு நேர்ந்தது காதில் வாங்கியதில். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறேன். வந்த புதிதில், டாக்டர் முடிவு செய்வதற்கு முன்பே ஒரு பாட்டியின் மகளிடம் "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டேன். வார்டு சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐட் ராதர் யூ ஹேடன்ட் டோல்ட் ஹெர்" என்றார். குரல் உயரவில்லை, முகமும் சுளிக்கவில்லை. ஏதோ தன் விருப்பத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஓகே சிஸ்டர்" என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். கூட வேலை பார்க்கும் மலையாளி அக்கா சொன்ன பிறகுதான் அது கண்டிப்பு என்று புரிந்தது. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன்.

நம் வீட்டுப் பெரியவர்கள் "அவங்ககிட்ட சொல்லாம இருந்திருக்கலாமேம்மா" என்றால் எப்படிச் சுருக்கென்று தைக்கும்! அதே கனம்தான் இதற்கும். அடுத்தவர் செய்ததைப் பற்றிச் சொல்லும்போது 'ஹேவ்' வராது, 'ஹேட்' வரும் என்பதும் அன்றைக்குத்தான் பிடிபட்டது.

* * *

தம்பி, நீங்கள் செய்த பிழையை என் பிளஸ் டூ பிள்ளைகளிடம் வருடா வருடம் பார்க்கிறேன். விதியாகச் சொன்னால் நிற்பதே இல்லை. ஒருநாள் பஸ் வராமல் தாமதமாக வந்த ஒரு பெண், "பேசாம நடந்தே வந்திருக்கலாம் மிஸ்" என்று மூச்சு வாங்கினாள். அதை அப்படியே போர்டில் எழுதினேன். அதன் கீழே "ஐ வுட் ராதர் ஹேவ் வாக்ட்." 'வரலாம்' என்றால் இனிமேல்தான். நடுவில் ஓர் 'இரு' நுழைந்து 'வந்திருக்கலாம்' ஆனதும் காரியம் கைவிட்டுப் போய்விட்டது. அந்த 'இரு' செய்கிற வேலையைத்தான் அங்கே 'ஹேவ்' செய்கிறது. அந்தப் 'பேசாம' கிட்டத்தட்ட 'ராதர்' மாதிரி. வாயை மூடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பேச்சில் இந்த 'ஹேவ்' வெறும் 'அவ்' என்று தேய்ந்துவிடும். காதில் விழாததுதான் எழுதும்போதும் விட்டுப்போகிறது.

* * *

மிஸ், அந்த 'இரு' எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை! இப்போதென்றால் அந்த மெயிலில் "வீ வுட் ஹேவ் ப்ரிஃபர்ட் டு ரிலீஸ் இட் ஆன் மண்டே" என்று எழுதுவேன். இது சரிதானே?

* * *

சரிதான் தம்பி. ஆபீஸ் மெயிலுக்கு 'ராதர்' போடுவதைவிட இது கொஞ்சம் பணிவாகவும் இருக்கும்.