அரசு ஊடகமா, தனியார் ஊடகமா? நாடுகளை எதை வைத்து ஒப்பிடுவது?

முதுகலை மாணவி கேட்டது:

அரசியல் அறிவியல் முதுகலை, இரண்டாம் ஆண்டு. "ஊடகமும் ஜனநாயகமும்: சில நாடுகள், ஓர் ஒப்பீடு" என்று பருவக் கட்டுரை எழுத வேண்டும். "நான்காவது தூண் என்று தொடங்கினால் படிக்காமலே திருப்பித் தந்துவிடுவேன்" என்று பேராசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

படிக்கிற இடத்திலெல்லாம் அரசு நடத்தினால் பிரச்சாரம், தனியார் நடத்தினால் சுதந்திரம் என்றே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பிபிசியும் ஜெர்மனியின் இசட்டிஎஃப் தொலைக்காட்சியும் மக்கள் கட்டணத்தில் ஓடுகின்றன. அவற்றை யாரும் அரசின் ஊதுகுழல் என்று ஒதுக்கிவிடுவதில்லை. துருக்கியிலும் ஹங்கேரியிலும் தனியார் கையில் எத்தனையோ ஊடகங்கள் இருந்தன. என்ன ஆயிற்று என்று தெரியும். இந்தப் பிரிவை விட்டுவிட்டால் வேறு எந்த அளவுகோலைப் பிடிப்பது? உதாரணங்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பழைய துணையாசிரியர் எழுதியது:

உங்கள் பேராசிரியர் கெட்டிக்காரர் அம்மா. தூண்களை எண்ணிக்கொண்டிருந்தால் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க மறந்துபோகும்.

நாளிதழ் ஒன்றில் இரவு மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த நாட்டு ஊடகத்தைப் பற்றிப் படித்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆசிரியரை நாளைக் காலை வீட்டுக்கு அனுப்ப யாரால் முடியும், அதற்கு அவருக்கு என்ன செலவாகும்? அரசமைப்புச் சட்டத்தில் பத்திரிகைச் சுதந்திரம் எழுதியிருக்கிறதா என்பதெல்லாம் பிறகு. அது அநேகமாக எல்லா நாட்டிலும் எழுதியிருக்கிறது.

செலவு என்று சொன்னேன். அதைக் கணக்கெழுதியே வைத்த நாடு ஒன்று உண்டு. பெரு. 1990களில் அதிபர் ஃபுஜிமோரியின் ஆட்சியில் உளவுத்துறையை நடத்தியவர் விளாடிமிரோ மொன்டெசினோஸ். லஞ்சம் கொடுத்தவர் பலர். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி, அதை வீடியோவும் எடுத்து அடுக்கி வைத்தவர் இவர். ஆட்சி கவிழ்ந்த பின் அந்தப் பதிவுகளை வைத்து ஜான் மெக்மில்லன், பாப்லோ சோய்டோ என்ற இரு பொருளியலாளர்கள் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நீதிபதிக்குக் கொடுத்ததைவிட அரசியல்வாதிக்குச் சற்று அதிகம். தொலைக்காட்சி உரிமையாளருக்கோ அரசியல்வாதியைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. ஒரே ஒரு சேனலுக்குப் போன தொகை, எதிர்க்கட்சி அரசியல்வாதிகள் அனைவருக்கும் சேர்த்துக் கொடுத்ததைப் போல ஐந்து மடங்கு. ஜனநாயகத்தில் எந்தக் கடிவாளத்துக்கு வலு அதிகம் என்று நாம் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருக்கிறோம். அதை அறுக்க நினைத்தவர் விலைப்பட்டியலே போட்டுவிட்டார்.

பணத்துக்கு மசியாதவருக்கு என்ன நடந்தது? பாருக் இவ்சர் என்பவர் இஸ்ரேலில் பிறந்து பெரு நாட்டுக் குடியுரிமை பெற்றவர். ஒரு சேனலின் பெரும்பங்கு அவருடையது. உளவுத்துறையின் சித்திரவதைகளை அவருடைய சேனல் வெளிக்கொண்டுவந்தது. 1997இல் அவர் குடியுரிமையையே பறித்தார்கள். வெளிநாட்டவர் தொலைக்காட்சி நடத்தக் கூடாது என்பது சட்டம்; சேனல் தானாகக் கைமாறியது. தணிக்கை அதிகாரி என்று ஒருவர் உள்ளே வரவே இல்லை, கவனியுங்கள்.

கடைசியில் ஆட்சியைச் சாய்த்தது கானால் என் என்ற சிறிய கேபிள் சேனல். சந்தாதாரர்கள் கொஞ்சம் பேர்தான். 2000 செப்டம்பர் 14 அன்று, எதிரணி உறுப்பினர் ஒருவர் கட்சி மாறுவதற்காக மொன்டெசினோஸ் அவருக்கு 15,000 டாலர் கொடுக்கும் வீடியோ அதில் ஓடியது. இரண்டே நாளில் ஃபுஜிமோரி புதிய தேர்தலை அறிவித்தார். நவம்பரில் ஜப்பானிலிருந்து ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார். எல்லாப் பெரிய சேனலையும் வாங்கிய மொன்டெசினோஸ் இந்தச் சின்னதைப் பொருட்படுத்தவில்லை.

இப்படி வெளிப்படையாகப் பணம் கொடுப்பது அரிது. பெரும்பாலும் வேலை நாசூக்காக நடக்கும். எங்கள் மேசையில் ஒருநாள் இரவு: கட்டுமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான நுகர்வோர் நீதிமன்றத் தீர்ப்பு, மூன்றாம் பக்கத்தில் நான்கு பத்திச் செய்தி. பக்கம் முடிந்து அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. விளம்பரப் பிரிவிலிருந்து தொலைபேசி. "தடை ஒன்றும் இல்லை, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாமே" என்றார் குரல் உயர்த்தாமல். அந்த நாளை வரவே இல்லை. காலியான இடத்தில் செய்தி நிறுவனம் அனுப்பிய யானைக்குட்டி குளிக்கும் படம் ஒன்றை வைத்தோம். படம் நன்றாக இருந்தது என்று வாசகர் கடிதம்கூட வந்தது.

அதனால்தான் 2013 ஜூனில் துருக்கியில் நடந்தது எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. இஸ்தான்புல்லில் கெசி பூங்காப் போராட்டத்தைப் போலீஸ் அடித்துக் கலைத்துக்கொண்டிருந்தபோது சிஎன்என் துருக்கில் பென்குயின் ஆவணப்படம் ஓடியது. உலகமே சிரித்தது. அந்தச் சேனலின் உரிமையாளரான டோகன் குழுமத்துக்கு 2009இல் வரி பாக்கி என்று சுமார் 250 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டிருந்ததைச் சேர்த்துப் படித்தால் சிரிப்பு வராது. 2018இல் குழுமத்தின் பத்திரிகைகளும் சேனல்களும் அரசுக்கு வேண்டிய இன்னொரு குடும்பத்திடம் போயின. வாங்கக் கடன் கொடுத்தது அரசு வங்கி. ஒவ்வொரு படியும் சட்டப்படிதான்.

ஹங்கேரியும் அதே ரகம். நெப்சபாட்சாக் நாளிதழ் 2016 அக்டோபரில் மூடப்பட்டது. அலுவலகம் இடம் மாறுகிறது என்று சொல்லி ஊழியர்களைப் பெட்டி கட்ட வைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை வீடு தேடிக் கடிதம் வந்தது, வெளியீடு நிறுத்தப்படுகிறது என்று. காரணம் நஷ்டம். பத்திரிகை நஷ்டத்தில் ஓடியது உண்மைதான். மறுக்க முடியாத காரணமாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். 2018இல் ஆளுங்கட்சிக்கு வேண்டிய முதலாளிகள் தங்கள் நானூறுக்கும் மேற்பட்ட ஊடகங்களை ஒரே அறக்கட்டளைக்கு இனாமாகக் கொடுத்தார்கள். போட்டி ஆணையம் விசாரிக்கக் கூடாது என்று அரசு அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த காரியமாக அறிவித்துவிட்டது. தனியார் ஊடகம்தான், காகிதத்தில்.

இப்போது ஜெர்மனி. 1960இல் சான்சலர் அடினாவர் மத்திய அரசின் பிடியில் ஒரு தொலைக்காட்சி தொடங்கப் பார்த்தார். ஒளிபரப்பு மாநிலங்களின் விஷயம், அது அரசின் கையிலும் போகக் கூடாது, ஒரே சமூகக் குழுவின் கையிலும் போகக் கூடாது என்று அரசமைப்பு நீதிமன்றம் 1961இல் தடுத்தது. அதற்காக அங்கே எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். 2009இல் இசட்டிஎஃப்பின் தலைமை ஆசிரியர் நிகோலாஸ் பிரெண்டரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நிர்வாகக் குழுவில் இருந்த அரசியல்வாதிகள் மறுத்தார்கள். என் கேள்வியை அப்படியே நீதிமன்றம் வரை இழுத்துப்போன வழக்கு அதிலிருந்துதான் கிளம்பியது. இந்தக் குழுக்களில் அரசு சார்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2014இல் தீர்ப்பு வந்தது. பிரெண்டருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த ஆசிரியரை அனுப்புவது கொஞ்சம் கடினமாயிற்று, அவ்வளவுதான். அந்த "கொஞ்சம் கடினம்" நாட்டுக்கு நாடு எவ்வளவு என்று பாருங்கள். அதுதான் உங்கள் அளவுகோல்.

---

வடக்கு வாசகன் எழுதியது:

இலங்கையிலிருந்து ஒன்று சேர்க்கிறேன். லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை 1973இல் சிறிமாவோ அரசு சட்டம் போட்டு எடுத்தது. சொன்ன காரணம், பத்திரிகை ஒரு குடும்பத்தின் கையில் இருக்கக் கூடாது, உடைமை பரவலாக வேண்டும் என்பது. காரணம் தப்பே இல்லை. ஆனால் பங்குகள் மக்களிடம் பரவவே இல்லை. அடுத்து வந்த எல்லாக் கட்சியும் எதிர்க்கட்சியாக இருக்கும்போது "லேக் ஹவுஸை விடுவிப்போம்" என்றது. ஆட்சிக்கு வந்ததும் தன் ஆளைத் தலைவராக்கியது. தினகரன், தினமின, டெய்லி நியூஸ் மூன்றும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆட்சி மாறியது தெரிய வேண்டுமானால் தேர்தலுக்கு அடுத்த வாரத் தலையங்கத்தைப் பார்த்தால் போதும்.

ஆனால் ஐயா, நீங்கள் சொல்லும் "வீட்டுக்கு அனுப்புவது" எங்களுக்குக் கொஞ்சம் சொகுசான கேள்வி. 2006 மே 2ஆம் தேதி இரவு, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முந்திய இரவு, யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்துக்குள் ஆயுதங்களோடு புகுந்து ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாளும் பத்திரிகை வந்தது. சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று வேலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். இங்கே அபராதமும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம்.

---

எதிர்வாதம் எழுதியது:

துணையாசிரியர் ஐயாவின் அளவுகோலில் ஓட்டை இருக்கிறது. ஆசிரியரை யாரும் மிரட்டாமலே ஊடகம் ஜனநாயகத்தைக் கடித்துக் குதறும். ருவாண்டாவில் 1993இல் தொடங்கிய ஆர்டிஎல்எம் பங்குதாரர்கள் கொண்ட தனியார் வானொலி. 1994 இனப்படுகொலையின்போது கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களை வாசித்தது. யாருடைய நிர்ப்பந்தத்துக்காகவும் அல்ல, விரும்பியே செய்தது. 2002 ஏப்ரலில் வெனிசுவேலாவில் அதிபர் சாவேஸைக் கவிழ்த்தபோது பெரிய தனியார் சேனல்கள் கொண்டாடின. இரண்டு நாள் கழித்து அவருடைய ஆதரவாளர்கள் திரளாகத் தெருவுக்கு வந்தபோது அதே சேனல்கள் சினிமாவும் கார்ட்டூனும் போட்டன. இந்த ஆசிரியர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கவில்லையே!

---

தீவுக்காரி எழுதியது:

சிங்கப்பூரையும் பட்டியலில் வையுங்கள், மாணவி. 1974ஆம் ஆண்டுச் செய்தித்தாள் சட்டத்தில் "மேலாண்மைப் பங்கு" என்று ஒன்று உண்டு. இயக்குநரையோ ஊழியரையோ நியமிப்பது, நீக்குவது பற்றிய வாக்கெடுப்பில் அந்தப் பங்கு ஒன்றுக்கு 200 வாக்கு. யார் அதை வைத்திருக்கலாம் என்பதற்கு அரசின் ஒப்புதல் வேண்டும். ஐயாவின் கேள்விக்குச் சட்டமே எண்ணில் பதில் எழுதி வைத்திருக்கிறது.

---

பழைய துணையாசிரியர் எழுதியது:

தீவுக்காரி, அந்த 200 எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒளிவு மறைவில்லாத சட்டம்.

வடக்கு வாசகனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கொலையைச் செலவுக் கணக்கில் போடலாம்தான். கொன்றவருக்கு ஒன்றும் ஆகாத நாட்டில் செலவு பூஜ்யம் என்று எழுத வேண்டும். எழுதக் கை வரவில்லை.

எதிர்வாதம் அவர்களுக்கு: வெனிசுவேலா விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அங்கே உரிமையாளரே கட்சிக்காரர்; ஆசிரியர் அவருக்கு எழுத்தர். ஆனால் ருவாண்டாவைத் தனியார் என்று நான் ஒப்பமாட்டேன். ஆர்டிஎல்எம் பங்குதாரர்கள் அதிபரின் நெருங்கிய வட்டத்து ஆட்கள். பதிவேட்டில் கம்பெனி, உள்ளே அரண்மனை. ஜெர்மன் நீதிமன்றம் "அரசின் கையிலும்" என்பதோடு நிறுத்தாமல் "ஒரே குழுவின் கையிலும்" என்று சேர்த்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது. கோயபல்ஸ் வானொலியைப் பார்த்தவர்களின் தேசம் அது.

வெனிசுவேலாவில் அதற்கு மருந்து என்ன கொடுத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். 2007இல் ஆர்சிடிவி என்ற தனியார் சேனலின் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. அந்த அலைவரிசையில் அரசு சேனல் வந்து உட்கார்ந்தது. உரிமம் புதுப்பிக்கும் தேதி என்பது ஆட்சியாளருக்கு மிகவும் வசதியான ஆயுதம். 2020இல் பிலிப்பைன்ஸில் ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சிக்கும் உரிமம் தீர்ந்ததும்தான் கத்தி விழுந்தது.

---

முதுகலை மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெரு, துருக்கி, ஜெர்மனி மூன்றையும் எடுக்கலாம் என்றிருக்கிறேன். அமெரிக்காவை விட்டால் கேள்வி வருமா? இந்தியாவை எங்கே வைப்பது?

---

பழைய துணையாசிரியர் எழுதியது:

அமெரிக்காவுக்கு அரைப்பக்கம் போதும். அவர்களுடைய அரசமைப்பின் முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டுகிறது, உரிமையாளரின் கையைக் கட்டுவதில்லை. 1949இலிருந்து ஒளிபரப்பாளர்கள் இரு தரப்பையும் காட்ட வேண்டும் என்று விதி இருந்தது. 1987இல் அதை எடுத்துவிட்டார்கள். 2018இல் சின்க்ளேர் நிறுவனத்தின் உள்ளூர்ச் சேனல்களில் செய்தி வாசிப்பாளர்கள் பலர் ஒரே அறிக்கையை வரி பிசகாமல் வாசித்த காட்சிகளை யாரோ வரிசையாக ஒட்டி வெளியிட்டார்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

இந்தியாவைக் கடைசியில் வைக்காதீர்கள், அவசரமாக முடித்துவிடுவீர்கள். நெருக்கடி நிலையை மட்டும் எழுதவும் வேண்டாம்; 1975 ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தைக் காலியாக விட்டது எல்லோரும் எழுதுவது. அதற்கு முன்பே பத்திரிகைகளுக்கு அரசு அளந்து கொடுத்த காகித ஒதுக்கீடு என்ற கடிவாளம் இருந்தது. பத்துப் பக்கத்துக்கு மேல் போடக் கூடாது என்ற கட்டுப்பாட்டை 1972இல் பென்னட் கோல்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்தது, அங்கிருந்து தொடங்குங்கள். பிறகு 1995: அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசின் சொத்து அல்ல என்ற தீர்ப்பு. அதையொட்டி 1997இல் தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதி நடைமுறைக்கு வந்தது. சட்டத்தில் தன்னாட்சி, பணத்துக்கோ அரசின் மானியத்தைத்தான் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, நூற்றுக்கணக்கில் தனியார் செய்திச் சேனல்கள் இருக்கும் நாட்டில், தனியார் பண்பலை வானொலி சொந்தமாக ஒரு செய்தியறிக்கை வாசிக்க முடியாது. ஆகாசவாணியின் அறிக்கையை அப்படியே அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். ஏன் தொலைக்காட்சிக்கு ஒரு நீதி, வானொலிக்கு ஒரு நீதி என்று உங்கள் பேராசிரியரிடமே கேளுங்கள். வகுப்பு ஒரு மணி நேரம் ஓடும்.