புள்ளிக்கு வால் முளைத்தால்

தூக்கம் பிடிக்காத ஒரு காலத்தில் புள்ளிகளால் படம் வரையத் தொடங்கினேன். கோடு கிடையாது, தேய்த்து நிழல் போடுவதும் கிடையாது. 0.2 மி.மீ. பேனாவால் ஒவ்வொரு புள்ளியாக வைக்க வேண்டும். இருட்டு வேண்டிய இடத்தில் நெருக்கமாக, வெளிச்சம் வேண்டிய இடத்தில் இடைவெளி விட்டு. முதல் படம் ஒரு பழைய சாவி. உள்ளங்கை அளவுதான், ஒரு மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். ஒன்பது நாள் ஆனது. (புள்ளிகளாலேயே வரைந்த பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சோராவுக்கு, ஆற்றுத் தீவில் மக்கள் கழிக்கும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை வரைய 1884 முதல் 1886 வரை பிடித்தது. நான் அலுத்துக்கொள்ளக் கூடாதுதான்.)

முதல் நாள் வரைந்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், பாதிப் புள்ளிகளுக்கு வால். கால்புள்ளி மாதிரி. பேனாவை நேராகத் தூக்காமல் அடுத்த இடத்துக்கு இழுத்துக்கொண்டே போயிருக்கிறேன். கை இங்கே, மனசு அங்கே. அப்புறம் வால் விழுந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். சாவியின் வளையம் முழுக்க வால்தான். பல் பக்கம் வர வர எல்லாம் உருண்டை. அமைதியாக இருக்க நான் எதுவும் முயலவில்லை. புள்ளி உருண்டையாக விழுகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

மறுமொழி:

எனக்கு நீர்வண்ணம். அதில் காத்திருப்பதே பாதி வேலை. பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது ஈரத் தூரிகையை வைத்தால், காலிஃபிளவர் பூத்த மாதிரி கறை ஓரம் கட்டும். முன்பெல்லாம் ஹேர் டிரையர் பிடிப்பேன். அது கெட்டுப்போனது நல்லதாய்ப் போயிற்று. இப்போது புறங்கையைத் தாளில் வைத்துப் பார்ப்பேன். பளபளப்பு போயிருந்தாலும் சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சரி, இன்னும் பத்து நிமிஷம் சும்மா உட்காரலாம்.

மறுமொழி:

இப்படி வரைந்தால் மனசு அமைதியாகும், அது எல்லோருக்கும் சரிப்படும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர் 45 நிமிஷம் ஏதாவது செய்தார்கள்: களிமண், மார்க்கர், ஒட்டுப்படம். மன அழுத்தத்தோடு ஏறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்தது. நான் மிச்சக் கால்வாசி. புள்ளி வைக்க வைக்க எரிச்சல்தான் ஏறியது. களிமண்ணைக் கிள்ளிக் கிண்ணம் செய்வது மட்டும் பிடித்தது. கோணல்தான். வால் போட்ட பேனாக்களை அதில்தான் போட்டு வைத்திருக்கிறேன்.