ஒத்தைக் கட்டளைக்கு எதுக்குங்க கான்ஃபிக் ஃபைல்?

எல்லைக்கன்சோல்:
வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம்னு எல்லையில நாலு வே பிரிட்ஜ் (லாரி எடை மேடை). ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. கொழிஞ்சாம்பாறை ஆபீஸ் சர்வர்ல ஒரு கன்டெய்னர்ல (சர்வருக்குள்ள தனியாப் பிரிச்ச ஒரு சூழல்) இருந்து தினமும் நாலு பெட்டிலயும் ஒரே ஒரு கட்டளை ஓட்டணும், அவ்வளவுதான். அன்சிபிள் (பல மெஷின்ல ஒண்ணாக் கட்டளை ஓட்டற டூல்) இன்வென்டரி ஃபைல், அதாவது ஹோஸ்ட் (மெஷின்) பட்டியல், எங்கேன்னு கேக்குது. பைதான்ல எழுதின இன்னொரு டூல், ஹோம் டைரக்டரில எஸ்எஸ்ஹெச் (தூரத்து மெஷின்ல பாதுகாப்பா நுழையற வழி) கான்ஃபிக் ஃபைல் இல்லைன்னு தொடங்கும்போதே விழுந்துடுது. ஐபி, யூசர், கீ (நுழையறதுக்கான சாவி ஃபைல்) மூணையும் கட்டளையிலேயே கொடுத்தாச்சு. அப்புறமும் ஃபைல் வேணுமாங்க?

வாளையார்ஷெல்:
அன்சிபிளுக்கு வேண்டாம். சின்ன ஐ ஆப்ஷனுக்கு அப்புறம் ஐபியை எழுதி, கடைசில ஒரு காற்புள்ளி வைங்க:

அன்சிபிள் ஆல் -ஐ '10.8.0.11,' -யூ ஆபரேட்டர் -எம் பிங்

சூட்சுமம் அந்தக் காற்புள்ளிலதான். அது இருந்தா ஹோஸ்ட் பட்டியல். இல்லைன்னா '10.8.0.11'ங்கற பேர்ல ஃபைலைத் தேடும், கிடைக்காது, லோக்கல்ஹோஸ்ட் (கட்டளை ஓடற அதே மெஷின்) மட்டும்தான் இருக்குன்னு எச்சரிக்கை காட்டும். 'ஆல்' அந்த மறைமுக லோக்கல்ஹோஸ்ட்டைச் சேத்துக்காது, அதனால எந்தப் பெட்டியையும் தொடாம முடிஞ்சுடும். நாலு பெட்டிக்கும் சேத்து எழுதினா நடுவுல காற்புள்ளி வந்துடும், கடைசில தேவையில்லை. போர்ட் வேறன்னா '10.8.0.11:2222,'. பெட்டில பைதானே இல்லைன்னா பிங் மாட்யூல் தோக்கும், கட்டளையை அப்படியே அனுப்பற 'ரா' மாட்யூல் ஓடும்.

சும்மா ஒரு கட்டளைதான்னா அன்சிபிளே அதிகம். பேரலல் எஸ்எஸ்ஹெச் போதும். அதுல சின்ன ஹெச் ஃபைலைக் கேக்கும், பெரிய ஹெச் ஹோஸ்ட் பேரையே வாங்கிக்கும். பாதிப் பேர் சின்ன ஹெச்சோட நின்னுடறாங்க.

சிட்டூர்பைதான்:
அந்தப் பைதான் டூல் விழறதுக்குக் காரணம் எஸ்எஸ்ஹெச் இல்லை. அசல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் (எஸ்எஸ்ஹெச் கட்டளையைத் தர்ற புரோகிராம்), யூசர் கான்ஃபிக் இல்லைன்னா சத்தமில்லாம அடுத்ததுக்குப் போயிடும். பாராமிகோ (பைதானுக்கான எஸ்எஸ்ஹெச் லைப்ரரி) அந்த ஃபைலைத் தானாப் படிக்காது, எழுதினவர்தான் திறந்து கொடுக்கணும். இருக்கான்னு பாக்காம திறந்திருக்கார், அவ்வளவுதான். திறக்கற இடத்துல ஃபைல்நாட்ஃபவுண்ட் எரரைப் பிடிச்சு, காலி கான்ஃபிக்கோட தொடரச் சொன்னா ரெண்டு வரி வேலை. கோடைத் தொட முடியாதுன்னா காலி ஃபைல் ஒண்ணு உருவாக்கி 600 பர்மிஷன் (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) போடுங்க. குரூப் எழுதற மாதிரி விட்டுட்டா அப்புறம் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சே 'பேட் ஓனர் ஆர் பர்மிஷன்ஸ்'னு நிக்கும்.

எங்கே உருவாக்கறதுங்கறதுலயும் ஒரு குழி இருக்கு. பைதான் முதல்ல ஹோம் என்விரான்மென்ட் வேரியபிளைப் பாக்கும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் அதைக் கண்டுக்காது, பாஸ்வேர்டு டேட்டாபேஸ்ல இருக்கற ஹோம் டைரக்டரியை எடுக்கும். கன்டெய்னர்ல ஹோமை மாத்தி வெச்சிருந்தா ரெண்டும் வேற வேற இடத்துல தேடும்.

இன்னொண்ணு: ஃபைலே வேண்டாம்னு பேஷ்ல (லினக்ஸ் ஷெல்) '<( )' குறி போட்டு, கான்ஃபிக் ஃபைல் எதுன்னு சொல்ற பெரிய எஃப் ஆப்ஷனுக்குக் கான்ஃபிக்கை ஊட்டப் பாக்காதீங்க. பேஷ் அதை 63 மாதிரி ஒரு டிஸ்கிரிப்டரா (திறந்த ஃபைலோட எண்) கொடுக்கும், ஆனா எஸ்எஸ்ஹெச் தொடங்கினதுமே 2க்கு மேல இருக்கற டிஸ்கிரிப்டர் எல்லாத்தையும் மூடிடும். அப்புறம் 63ஐத் திறக்க முடியலைன்னு புலம்பும். எம்கேடெம்ப் கட்டளையில ஒரு தற்காலிக ஃபைல், ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடற ட்ராப்ல அதை அழிக்கறது. அதுதான் வழி.

எல்லைக்கன்சோல்:
காற்புள்ளி வேலை செஞ்சுதுங்க. மூணு பெட்டி பதில் சொல்லுது. மீனாட்சிபுரம் மட்டும் 'டூ மெனி ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்'. கோவிந்தாபுரத்தை அடுத்த மாசம் ஒரு ஜம்ப் ஹோஸ்ட்டுக்குப் (நடுவுல நுழைஞ்சு போக வேண்டிய மெஷின்) பின்னாடி மாத்தறாங்க. அதையும் கட்டளையிலேயே முடிச்சுக்கலாமா?

வாளையார்ஷெல்:
எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட்ல (கீயை நினைவுல வெச்சிருக்கற புரோகிராம்) எத்தனை கீ இருக்கு? சர்வர் இயல்பா 6 முயற்சிக்கு மேல விடாது. நீங்க கொடுத்த கீயோட முறை வர்றதுக்குள்ள மத்த கீ எல்லாம் அதைத் தின்னுடும். ப்ரைவேட் கீ ஆப்ஷனோட, எஸ்எஸ்ஹெச் காமன் ஆர்க்ஸ்ல 'ஐடென்டிட்டீஸ்ஒன்லி=எஸ்' சேருங்க.

தேங்காய்க்களம்:
ஜம்ப் ஹோஸ்ட்னா கதை வேறைங்க, அங்கே மட்டும் ஃபைலுக்கு நியாயம் இருக்கு. ஜம்ப் ஹோஸ்ட் வழியாப் போகச் சொல்ற பெரிய ஜே ஆப்ஷன் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.3ல, 2016ல வந்தது. ஆனா கட்டளையில கொடுக்கற கீயும் மத்த ஆப்ஷனும் போய்ச் சேர்ற பெட்டிக்குத்தான், நடுவுல இருக்கற ஹோஸ்ட்டுக்குப் போகாது. ரெண்டுக்கும் ஒரே கீயை ஏஜென்ட்ல வெச்சிருந்தா பிழைச்சுக்கலாம். வேற வேற கீன்னா, ப்ராக்ஸிகமாண்ட் ஆப்ஷனுக்கு உள்ளே, இணைப்பைக் கடத்தி விடற பெரிய டபிள்யூ ஆப்ஷனோட இன்னொரு எஸ்எஸ்ஹெச் கட்டளையை எழுதணும். மேற்கோள் குறிக்குள்ள மேற்கோள் குறி. ஆறு மாசம் கழிச்சு எழுதினவருக்கே புரியாது. அதுக்குப் பதிலா கான்ஃபிக் ஃபைல்ல ஜம்ப்புக்கு ஒரு ஹோஸ்ட் பிளாக், கோவிந்தாபுரத்துக்கு ப்ராக்ஸிஜம்ப்போட ஒண்ணு, மொத்தம் பத்து வரி வராது.

எழுதும்போது எல்லா ஹோஸ்ட்டுக்கும் பொதுவான 'ஹோஸ்ட் நட்சத்திரம்' பிளாக்கைக் கடைசில வைங்க. எஸ்எஸ்ஹெச் முதல்ல கிடைக்கற மதிப்பைத்தான் பிடிச்சுக்கும், பின்னாடி வர்றது மேலெழுதாது. நட்சத்திரத்தை மேலே வெச்சு அதுல யூசர் போட்டுட்டு, கீழே ஜம்ப்புக்கு வேற யூசர் எழுதினா அது செல்லாது. முடிவா எது எடுபடுதுன்னு பெரிய ஜி ஆப்ஷன்ல பாருங்க, கனெக்ட் ஆகாமலே அச்சடிச்சுக் காட்டும். ஃபைல்ல ஏதோ ஒட்டிக்கிச்சுன்னு சந்தேகம் வந்தா பெரிய எஃப்புக்கு 'நன்'னு கொடுத்து ஒருதரம் ஓட்டுங்க, சிஸ்டம் கான்ஃபிக்கும் சேர்ந்து ஒதுங்கிடும்.