எரித்திரியப் பெடியங்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள் (சுவிஸ்)

குசினிக்காரன்
தூண் நகரில் ஓர் உணவகத்தில் சமைக்கிறேன். எங்கள் குசினியில் கோப்பை கழுவும் பெடியனுக்கு இருபது வயது இருக்கும். போன கோடையில் வேலையாட்கள் எல்லோரும் ஏரிக் கப்பலில் ஸ்பீட்ஸ் என்ற ஊருக்குப் போனோம். ஏறும் பலகைக்கு முன்னால் அவன் நின்றுவிட்டான். "வாடா தம்பி" என்று கையைப் பிடித்து இழுத்தேன் (தம்பி என்றால் அவனுக்குத் தெரியும்). சிரித்துக்கொண்டுதான் இழுத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு சாண் தண்ணீர் ஏறி இறங்குவதையே பார்த்தான். கை சில்லிட்டிருந்தது. பிறகு டொச்சில் (ஜெர்மன் மொழியில்) மெதுவாக, "நான் ரயிலில் வருகிறேன்" என்றான். நாங்கள் போய் இறங்கும்போது மேலே ஸ்டேசன் பக்கம் நின்று கை காட்டினான். ஏரிக்கரைக்கு இறங்கி வரவில்லை. லிபியா வழியாகப் படகில் கடல் தாண்டி வந்தவன் என்று எனக்கு முன்பே தெரியும். அதுதான் உறுத்துகிறது.

மூன்றாம்மாடி
எனக்கு நடந்தது ரயிலில். என் நிறத்தைப் பார்த்து ஊர்க்காரி என்று நினைத்து ஒரு சின்னப் பையன் அவர்களுடைய திக்ரிஞ்ஞா மொழியில் பேசத் தொடங்கிவிட்டான். நான் விழித்ததும் ஒரு கடிதத்தை நீட்டினான். பிறந்த தேதி ஜனவரி 1 என்று போட்டு, பதினெட்டு முடிந்துவிட்டது, பெரியவர்களின் முகாமுக்கு மாற வேண்டும் என்று இருந்தது. படித்துச் சொன்னேன். அவன் பேசாமல் இடது கையை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். அடிக்கப் போகிறான் என்று பயந்து சாய்ந்துவிட்டேன். வயதைக் கணிக்க அந்தக் கையைத்தான் எக்ஸ்ரே எடுப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நகமெல்லாம் கடித்திருந்தான்.

பீல்_அண்ணை
குசினிக்காரன், தேவையில்லாமல் மனதைக் குழப்புகிறீர்கள். தண்ணீருக்குப் பயந்தவர் எல்லாம் கடல் தாண்டி வந்தவர் இல்லை, என் மனைவிக்கு நெடுந்தீவுப் படகே ஆகாது. அதோடு நாங்கள் சண்டைக்குத் தப்பி வந்தோம், இவர்கள் காசு உழைக்க வருகிறார்கள். என் கடையிலும் ஒருவன் நின்றான். ஜனவரி 7 தங்கள் நத்தார் என்று லீவு கேட்டான், நான் கொடுக்கவில்லை. சரி, அது கிடக்கட்டும். அந்தப் பெடியன் கோப்பையே கழுவிக்கொண்டிருந்தால் கைதான் தேயும். 2018இலிருந்து அகதிகளுக்கு ஒரு வருடத் தொழில் முன்பயிற்சி இருக்கிறது, அதில் சேரச் சொல்லுங்கள். 2019இலிருந்து எஃப் விசாக்காரரை (தற்காலிகமாக இருக்க அனுமதி பெற்றவர்களை) வேலைக்கு எடுக்க அனுமதி கேட்டுக் காத்திருக்கத் தேவையில்லை, முதலாளி அறிவித்தால் போதும். எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா? டொச் வகுப்பையும் விடக்கூடாது. குசினியில் காதில் விழுவது சுவிஸ் டொச், பரீட்சையில் கேட்பது எழுத்து டொச். சம்பளத் துண்டுகளை ஒரு ஃபைலில் சேர்க்கட்டும், இங்கே வந்து ஐந்து வருடம் கழித்து பி விசாவுக்கு (வதிவிட அனுமதிக்கு) எழுதும்போது உதவும்.

மூன்றாம்மாடி
காசு உழைக்கவா? எரித்திரியாவில் பன்னிரண்டாம் வகுப்பையே சாவா இராணுவ முகாமில்தான் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று யாரும் சொல்வதில்லை. 80களில் எங்கள் ஆட்களையும் இங்கே இதே சொல்லால்தான் சொன்னார்கள், அண்ணை மறந்துவிட்டீர்கள். அந்த லீவைக் கொடுத்திருக்கலாம்.

குசினிக்காரன்
அண்ணை, அவன் அந்த முன்பயிற்சியை முடித்துவிட்டான், வருகிற ஆகஸ்டில் சமையல் படிக்கத் தொடங்குகிறான். நான் கேட்டது அதை இல்லை. இந்த வருடமும் கப்பலா என்று முதலாளி பட்டியல் ஒட்டியிருக்கிறார். அவன் பெயரை இழுக்காமல் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?